உதிராத தோலுக்காக வந்த அமிலம்

இக்தியோசிஸ் என்று ஒரு தோல் நோய். தமிழில் மீன்செதில் நோய் என்பார்கள். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. லேசான வகையில் முழங்காலுக்குக் கீழே முன்னங்காலில் தோல் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கும். தேங்காயெண்ணெய் தேய்த்தால் அன்றைக்கு அடங்கும். மறுநாள் குளித்துத் துவட்டியதும் பழையபடி ஆகிவிடும். கடுமையான வகையில் உடம்பு முழுக்கத் தடித்த செதில். வியர்வை வெளியேற வழியில்லாமல் வெயில் காலத்தில் உடம்பு அனலாகும். விரலை நீட்டி மடக்கினால் தோல் பிளந்து ரத்தம் கசியும். தொற்றாத நோய்தான். ஆனாலும் பேருந்தில் பக்கத்தில் உட்கார வந்தவர் அந்தக் கையைப் பார்த்ததும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்.

இன்று மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் கிளைகாலிக் சீரம், லாக்டிக் டோனர், வீட்டிலேயே செய்துகொள்ளும் பீல் எல்லாம் இந்த நோயாளிகளுக்காக நடந்த ஒரு தேடலில் பிறந்தவை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள்கூட அந்தப் புட்டிகளைக் கேட்டு அடம்பிடிக்கும் காலம் இது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே பலன் பெறக்கூடிய ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் “நமக்கு எதுக்கு இதெல்லாம்” என்று ஒதுங்கி இருக்கிறார்கள். எந்த வயதில் யாருக்கு இது தேவை என்ற கேள்விக்கான விடை, இது எதற்காகப் பிறந்தது என்ற கதைக்குள்ளேயே பெருமளவு இருக்கிறது.

கதையின் நடுநாயகர் யூஜின் வான் ஸ்காட் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். 1960களில் அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் தோல் பிரிவில் இருந்தார். தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மருந்தை ஊசியாகப் போடாமல் மேலே பூசியே கட்டுப்படுத்தலாம் என்று காட்டியதற்காக 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் ஒருவர். தோல் தன்னை எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். மேல்தோலின் அடிவரிசையில் செல்கள் பிறக்கின்றன. மெல்ல மேலேறி, வழியில் தட்டையாகி, உயிரிழந்து, வெளியடுக்கில் சில வாரங்கள் கவசமாக இருந்துவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. பிறப்பும் உதிர்வும் ஈடாக இருக்கும்வரை தோலின் தடிமன் மாறுவதில்லை.

செதில் நோயில் இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது? வான் ஸ்காட்டும் உடன் பணியாற்றிய ஃபிலிப் ஃப்ராஸ்டும் நோயாளிகளின் தோல் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்து, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். 1966இல் வெளியான அந்த ஆய்வு செதில் நோய்களை இரண்டாகப் பிரித்தது. சில வகைகளில் செல்கள் அளவுக்கு மீறிப் பிறக்கின்றன. பரவலாகக் காணப்படும் வகைகளில் பிறப்பு இயல்பாகத்தான் இருக்கிறது, உதிர்வுதான் தாமதமாகிறது. காய்ந்த மட்டை கழன்று விழாமல் தென்னையிலேயே தொங்குவது போல, வேலை முடிந்த செல்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஆகவே பிடியைத் தளர்த்த ஒரு பொருள் வேண்டும். இதற்குப் பிறகு நடந்த எல்லாம் இந்த ஒரு தெளிவிலிருந்து கிளைத்தவை என்றே நான் கருதுகிறேன். அழகுப் பொருள் வரலாறு எழுதுபவர்கள் இந்த 1966ஐத் தாண்டிப் போய்விடுவது பெரிய குறை.

தோலை உரிக்கும் அமிலம் ஒன்று அப்போதே கையில் இருந்தது. அது சாலிசிலிக் அமிலம். வில்லோ மரப்பட்டையிலிருந்து சாலிசினை 1828இல் மியூனிக்கில் யோஹான் புக்னர் பிரித்தார். பத்தாண்டு கழித்து இத்தாலியரான ரஃபேலே பிரியா அதிலிருந்து அமிலத்தை உண்டாக்கினார். ஹெர்மன் கோல்பே கண்ட செயற்கை முறையால் 1870களில் ஜெர்மனியில் ஆலை உற்பத்தியே தொடங்கிவிட, விலை சரிந்தது. ஹாம்பர்க் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா 1882இல் தோலின் மேல் அதன் செயலை விவரித்தார். அதே ஆண்டு அதே ஊரில் பையர்ஸ்டார்ஃப் என்ற மருந்தாளர் மருந்து தடவிய பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். உன்னா அவரோடு சேர்ந்து உழைத்தவர். நிவியா கிரீமைப் பின்னாளில் கொண்டுவந்தது பையர்ஸ்டார்ஃப் தொடங்கிய நிறுவனம்தான். கால் ஆணிக்கு நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கும் கார்ன் கேப்பும், படர்தாமரைக்கு அரசு மருத்துவமனையில் கொடுத்துவந்த விட்ஃபீல்ட் களிம்பும் இதே சாலிசிலிக் குடும்பம்தான்.

செதில் நோய்க்கும் அதைப் பூசினார்கள், வேலையும் செய்தது. ஆனால் உடம்பு முழுக்கப் பூச வேண்டிய நோய் அது, தோலின் காப்பும் ஏற்கெனவே ஓட்டை. மருந்து ரத்தத்தில் கலந்தது. சிறு குழந்தைகளுக்கு வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று சாலிசிலேட் நஞ்சேறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் உடல் பரப்பு பெரிது, தோல் வழி ஏறுவதும் அதிகம். எந்த வயதுத் தோலில் பூசுகிறோம் என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் இந்தக் குழந்தைகள்தாம்.

வான் ஸ்காட் பிலடெல்பியாவுக்குப் போய், டெம்பிள் பல்கலைக்கழகத்தின் தோல், புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கே அவரோடு சேர்ந்தவர் ரூயி யூ என்ற வேதியியலாளர். இருவரும் 60க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைக் களிம்பாக்கி, செதில் நோயாளிகளின் தோலில் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தார்கள். பலன் தந்தவை எவை என்று பார்த்தால், பெரும்பாலும் சமையலறையில் புழங்கும் புளிப்புகள். எலுமிச்சையின் சிட்ரிக், ஆப்பிளின் மாலிக், தயிரின் லாக்டிக், அவற்றோடு கிளைகாலிக். மூலக்கூறின் அமைப்பில் இவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. அமிலக் குழுவை ஒட்டிய கார்பனிலேயே ஒரு ஹைட்ராக்சில் குழு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள், சுருக்கமாக ஏ.எச்.ஏ. 1974இல் இந்த முடிவுகள் அமெரிக்கத் தோல் மருத்துவ ஏட்டில் வெளியாயின. இன்றைய ஏ.எச்.ஏ. புட்டி ஒவ்வொன்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கட்டுரைதான்.

அந்தப் புளிப்புகளில் மூன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டியவர் ஒரே ஆள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஸ்வீடனில் ஷெப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக், 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக். எலுமிச்சைச் சாற்றில் சுண்ணத் தூளைப் போடுவார். நுரைத்து அடங்கியதும் அடியில் வெள்ளை வண்டல் தங்கும். அதைக் கழுவி எடுத்துக் கந்தக அமிலம் விட்டால் சுண்ணாம்பு ஒரு பக்கம் போக, தெளிந்த அமிலம் மிஞ்சும். அதைக் காய்ச்சி ஆறவிட்டால் படிகம். கிளைகாலிக் மட்டும் தாமதமாக 1851இல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. கரும்பிலிருந்து எடுத்தது என்று விளம்பரத்தில் கரும்புப் படம் போடுகிறார்கள். கரும்பில் கிளைகாலிக் இருப்பது உண்மைதான். ஆனால் பேரளவில் அது வருவது கரும்பாலையிலிருந்து அல்ல, ஃபார்மால்டிஹைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற மூலப்பொருள்களை வைத்துச் செய்யும் ரசாயன ஆலையிலிருந்து. அதனால் அதன் தரம் குறைந்துவிடாது. தூய கிளைகாலிக் எங்கே பிறந்தாலும் கிளைகாலிக்தான்.

கிளியோபாட்ரா பாலில் குளித்தாள் என்று ஆரம்பிக்காத பழ அமிலக் கட்டுரை அரிது. நீரோவின் மனைவி பாப்பேயா கழுதைப் பாலில் குளித்ததை ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் கறந்த பாலில் லாக்டிக் அமிலம் அநேகமாக இல்லை, புளித்தால்தான் உண்டாகும். அரசிகளின் குளியலறையைவிட, செதில் நோயாளிகளின் கால்களுக்கே இந்த வரலாற்றில் முதலிடம் தர வேண்டும்.

இந்த அமிலங்கள் என்ன செய்கின்றன என்பதை 1984இல் வான் ஸ்காட்டும் யூவும் இன்னொரு கட்டுரையில் விளக்கினார்கள். சாலிசிலிக் போன்றவை வெளியிலிருந்து உள்நோக்கி அடுக்கைக் கரைத்து உரிக்கின்றன. ஏ.எச்.ஏ. அடியில், இறந்த அடுக்கு புதிதாக உருவாகும் இடத்திலேயே செல்களுக்கிடையிலான பிடியைத் தளர்த்துகிறது. எனவே மேலே இருப்பது மெல்ல, தன் போக்கில் கழன்றுவிடுகிறது. அடுத்த ஆண்டே 12 சதவீத அம்மோனியம் லாக்டேட் லோஷன் செதில் நோய்க்கும் கடும் வறட்சிக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதற்குள் முகம் கதைக்குள் வந்துவிட்டது. அமிலம் பூசிய தோல் செதில் நீங்கியதோடு நிற்காமல் மெருகும் ஏறுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வெயிலில் முதிர்ந்த தோலில் நுண்சுருக்கங்கள் குறைந்தன, புள்ளிகள் மங்கின. 1988இல் இருவரும் நியோஸ்ட்ராட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1992இல் ஏவான் நிறுவனம் அனியூ என்ற பெயரில் கிளைகாலிக் கிரீமை வீடு வீடாக விற்கும் தன் முகவர்கள் வழியே கொண்டுபோனது. சில ஆண்டுகளில் பழ அமிலம் போடாத கம்பெனி அரிது என்றாகிவிட்டது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் முதிர்ந்த முன்கைகளில் 25 சதவீத அமில லோஷனை ஆறு மாதம் பூசியபோது தோலின் தடிமன் ஏறக்குறைய 25 சதவீதம் கூடியது. உயிருள்ள தோல் தடித்தது. அந்த ஆய்வில் வான் ஸ்காட், யூ இருவர் பெயரும் இருக்கின்றன. சொந்த நிறுவனம் நடத்தியவர்கள் என்பதையும் மனத்தில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

விற்பனை பெருகியதும் எரிச்சல், கொப்புளம், தோல் வெந்துபோதல் என்று புகார்கள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வரத் தொடங்கின. அளவு வரம்பு அதன் பிறகுதான் வந்தது. வீட்டில் பூசுவதற்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், புளிப்பைக் குறிக்கும் பி.எச். எண் 3.5க்குக் கீழே போக வேண்டாம் என்று 1997இல் அங்குள்ள அழகுப் பொருள் நிபுணர் குழு சொன்னது. அழகு நிலையத்தில் சில நிமிடம் பூசிக் கழுவுவதற்கு 30 சதவீதமும் 3.0உம் எல்லை. இந்த பி.எச். எண்ணைப் பலரும் பார்ப்பதே இல்லை. கிளைகாலிக்கில் வேலை செய்வது உப்பாக மாறாத பகுதிதான். பி.எச். 3.8 வாக்கில் அது பாதி, 3.5இல் மூன்றில் இரண்டு பங்கு. 7ஐ நெருங்கினால் புட்டியில் 10 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் தோலுக்குக் கிடைப்பது வெறும் உப்பு. தயிரின் பி.எச். ஏறக்குறைய 4.5, அதில் சுமார் ஒரு சதவீதம் இருக்கும் லாக்டிக்கிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுதந்திரமாக இருக்கிறது. தயிர் பூசிய முகம் மிருதுவாகத் தோன்றுவதில் அமிலத்தைவிடக் கொழுப்புக்கும் ஈரத்துக்கும் பங்கு அதிகம். எலுமிச்சை அதற்கு நேர்மாறு. அதன் பி.எச். 2க்குச் சற்று மேல்தான். பாதிப் பழத்தை அறுத்து முகத்தில் தேய்ப்பதை யாரும் செய்யக் கூடாது.

வெயில் விஷயம் இன்னும் முக்கியம். 10 சதவீத கிளைகாலிக்கை நான்கு வாரம் பூசியவர்களின் தோல், புற ஊதாக் கதிருக்குச் சிவந்துபோகும் தன்மை 18 சதவீதம் கூடியது என்று உணவு, மருந்து நிர்வாகம் பதிவு செய்திருக்கிறது. நிறுத்திய ஒரு வாரத்தில் பழைய நிலை திரும்பியது. 2005இல் வெயில் எச்சரிக்கையை லேபிளில் போடச் சொல்லி வழிகாட்டுதல் வந்தது. சித்திரை வெயிலில் இரு சக்கர வாகனத்தில் போகும் நமக்கு இந்த எண் அமெரிக்கரைவிட அதிகம் பொருந்தும்.

வயதுக்கு வருகிறேன். வயதாக ஆகத் தோல் உதிர்வது எவ்வளவு தாமதமாகிறது என்பதை அளந்த ஆய்வும் பிலடெல்பியாவைச் சேர்ந்ததே. டான்சில் குளோரைடு என்ற சாயத்தை வாசலினில் கலந்து, கையில் ஒரு சிறு வட்டத்தில் ஒட்டுப்போட்டு வைப்பார்கள். ஒரு நாள் கழித்து எடுத்துவிட்டால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் வட்டம் ஒளிரும். சாயம் ஏறியிருப்பது இறந்த அடுக்கு முழுக்க. நாளுக்கு நாள் செல்கள் உதிர, ஒளி மங்கிக்கொண்டே வரும். கடைசிப் பொட்டும் மறையும் நாள்தான் அந்த ஆளின் தோல் அடுக்கு முழுதாக மாற எடுத்துக்கொண்ட காலம். கேரி குரோவும் ஆல்பர்ட் கிளிக்மனும் 1983இல் வெளியிட்ட முடிவு இது: இளவயதினருக்குச் சுமார் 20 நாள், முதியவர்களுக்கு அதற்கு மேலும் 10 நாளுக்கு அதிகம். அதிலும் சரிவு சீராக இல்லை. இளமைக் காலம் முழுக்க வேகம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்து, 50 வயதுக்குப் பிறகுதான் சட்டென்று குறைகிறது.

கிளிக்மன் பெயரைச் சொல்லும்போது ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அவர் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில், பெரும்பாலும் கறுப்பினத்தவர்மீது, 1950களிலிருந்து 1974 வரை சோதனைகள் நடத்தியவர். தங்களுக்கு என்ன பூசப்படுகிறது என்று பலருக்கும் சொல்லப்படவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. இன்றைய தோல் அறிவின் ஒரு பகுதி அந்த முதுகுகளில் எழுதப்பட்டது.

அந்த 20 நாள் கணக்கை வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் உதிராமல் தங்கியிருப்பது எதுவுமே இல்லை. நோய் இருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தவிர, அந்த முகத்தில் அமிலத்துக்கு வேலை கிடையாது. கவசத்தைத்தான் அது கலைக்கும். எரிச்சலும் அரிப்பும் மிஞ்சும். ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைச் சங்கிலி 2024இல், இத்தகைய அமிலப் பொருள்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. நம் கடைகளும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும். அதுவரை அம்மாவும் அப்பாவும்தான் லேபிளைப் படிக்க வேண்டும்.

பரு வந்த பதினாறு வயதுக்குக் கதை வேறு. அங்கே அடைபட்டிருப்பது தோல் துவாரத்தின் வாய். சாலிசிலிக் எண்ணெயில் கரைவது, அதனால் பிசுபிசுப்பான துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்துகிறது. 0.5 முதல் 2 சதவீதம் போதும், அதுவும் பரு வரும் இடத்தில் மட்டும். இருபதுகளிலும் முப்பதுகளிலும் பெரும்பாலோர் அமிலம் தேடுவது கருந்திட்டுக்காகவும் பரு விட்டுப்போன தழும்புக்காகவும். நம் மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எங்கே வீக்கமோ எரிச்சலோ வந்ததோ அங்கே நிறமி கொட்டி, கருமை மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் பூசிய அமிலமே எரிச்சல் மூட்டினால் புதுக் கருமை வரும். அதனால்தான் இந்தியத் தோல் மருத்துவர்கள் பலர் பெரிய மூலக்கூறான மாண்டெலிக்கையோ, குறைந்த செறிவு லாக்டிக்கையோ வைத்துத் தொடங்குகிறார்கள். கிளைகாலிக்கின் மூலக்கூறு எடை 76, மாண்டெலிக்கினுடையது 152. சிறியது வேகமாக இறங்கும், பெரியது நிதானமாக. வாரம் இரண்டு இரவு, காலையில் சன்ஸ்கிரீன். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். எரிவது வேலை செய்வதற்கு அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஐம்பதுக்குப் பிறகு நிலைமை வான் ஸ்காட் கண்ட நோயாளிகளின் பக்கம் சற்றே நகர்கிறது. உதிர்வு தாமதமாகிறது, தோல் சொரசொரப்பாகிறது, முகம் பொலிவிழந்து தெரிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. வாங்கும் புட்டிக்கு வேலை உண்மையில் இருக்கும் வயது இதுதான். முகத்துக்கு 5 முதல் 10 சதவீதம், மேலே ஈரப்பசை தரும் கிரீம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு முகத்தைவிடக் கால்கள்தான் கஷ்டம். பனிக்காலத்தில் முன்னங்கால் வெடித்து, இரவெல்லாம் சொறிந்து, விடிந்தால் ரத்தக் கோடுகள். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன் அம்மோனியம் லாக்டேட் அல்லது யூரியா கலந்த லோஷனைத் தேய்த்துவிட்டால் சில வாரங்களில் அந்தத் தோல் ஆறும். புண் இருக்கும் இடத்தில் மட்டும் படக் கூடாது, கடுமையாக எரியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் ஆணிக்குக் கார்ன் கேப் ஒட்டவே கூடாது. அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம் வரை போகும். உணர்வு குறைந்த பாதத்தில் அது நல்ல தோலையும் சேர்த்து அரிப்பது தெரியாது. சாக்ஸில் ஈரம் கண்டு பிரித்துப் பார்க்கும்போது புண்ணாகியிருக்கும், சர்க்கரைக் காலில் அது ஆற மாதங்கள் ஆகும். அவர்கள் கால் ஆணியைப் பாத நல மருத்துவரிடம் காட்டிச் சீவிவிட்டுக்கொள்வதே பாதுகாப்பு.